ஒன்றரை முழக் கீறலும் ஒரு வெள்ளி நிறமும்

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பார்க்கப் போன இடத்தில் என் வெள்ளி நிறக் காரில் கீறல் விழுந்தது. பினாங்கில் ரதம் வரும் நாளில் டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. ரதத்தைப் பார்க்காமல் இருக்கவும் மாட்டார். வேறு வழியில்லாமல் ஒரு சந்தில் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டுப் போனோம்.

ரதத்துக்கு முன்னால் அந்தச் சாலையில் உடைபடும் தேங்காய்களைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மலைமலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். மூட்டைகளை இரும்புத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சந்து சந்தாக இழுத்து வருவார்கள். அப்படி ஒரு வண்டியின் மூலை என் மைவிக் காரின் வலப்பக்கத்தை உரசிக்கொண்டே போயிருக்க வேண்டும். பின்கதவில் தொடங்கி, பின்சக்கரத்துக்கு மேலே ஃபெண்டர்வரை ஒன்றரை முழ நீளம். முருகனுக்குத் தேங்காய் கொண்டுபோன ஆளைத் திட்டவும் மனம் வரவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

கார் 2013ஆம் ஆண்டு வாங்கியது. காப்பீட்டில் இழப்பீடு கேட்கலாமா என்று யோசிக்கவே இல்லை. ஐந்து ஆண்டுகள் எதுவும் கோராமல் இருந்தால் கிடைக்கும் 55 விழுக்காட்டுத் தள்ளுபடியை ஒரு கீறலுக்காகக் கைவிடுவது கொசுவுக்குப் பயந்து கோட்டையை விற்ற கதையாகும். ஒரு பட்டறையில் விலை கேட்டேன். கதவுக்கு 350 ரிங்கிட், ஃபெண்டருக்கு 350 ரிங்கிட், ஐந்து நாள் காரை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். நியாயமான விலைதான். ஆனால் எனக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சுழல்முறை வேலை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆயர் ஈத்தாமிலிருந்து காரில்லாமல் கிளம்ப முடியாது. அதோடு, நாள் முழுவதும் மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழுதுபார்க்கிறவனுக்கு ஒரு கீறலைச் சரிசெய்யத் தெரியாதா என்ற திமிரும் இருந்தது. அந்தத் திமிருக்கு எவ்வளவு செலவானது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். கீறல் என்று நினைத்ததில் கால்பங்கு கீறலே இல்லை. தள்ளுவண்டியின் சிவப்புப் பெயிண்ட் அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் தேய்த்ததும் போய்விட்டது. பிறகு நகத்தைக் கீறலின் குறுக்கே ஓடவிட்டுப் பார்த்தேன். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேல்பூச்சில் மட்டும் காயம். நகம் இடறினால் ஆழமான வெட்டு.

காரின் தோல் நாம் நினைப்பதைவிட மிக மெல்லியது. இரும்புத் தகட்டின்மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன்மேல் நிறம் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோல் கிளியர். இத்தனையும் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் கனம். இரண்டு தலைமுடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போலத்தான். அதில் கிளியர் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். நிறம் என்று நாம் கொண்டாடுவது 15, 20 மைக்ரான்கூட இருக்காது. இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் உப்புத்தாளைக் கையில் எடுக்கும்போது தானாகவே பயம் வரும். வரவேண்டும்.

என் கீறல் ஒரே மாதிரியாக இல்லை. கதவில் ஒரு சாண் தூரம் கிளியரோடு நின்றுவிட்டது. அதன்பின் சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது. சக்கர வளைவுக்குச் சற்று மேலே, ஐந்து சென் நாணயம் அளவுக்கு இரும்பே பளபளத்தது. மறுநாள் காலையில் அந்தப் பளபளப்பு பழுப்பாகிவிட்டது. கடல் சூழ்ந்த ஊரில் இரும்பு ஒரு ராத்திரிகூடப் பொறுக்காது.

கிளியரோடு நின்ற பகுதிக்கு அதிக வேலையில்லை. வேலைக்கு நடுவே ஆலோசனை சொல்ல வந்தவர்கள்தான் அதிகம். பற்பசை போடு என்றார் ஒருவர். தேங்காயெண்ணெய் தடவினால் மறைந்துவிடும் என்றார் இன்னொருவர். மறையும் என்பது உண்மை. கீறலின் ஓரங்களில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான் அது வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. எண்ணெயோ தண்ணீரோ அந்தப் பள்ளத்தை நிரப்பினால் சிதறல் அடங்கிவிடும். அடுத்த மழையில் எண்ணெய் கழுவிக்கொண்டு போனதும் கோடு திரும்ப வந்து நிற்கும். ஆனால் இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது: கீறலில் தண்ணீரைத் தடவியதும் கோடு காணாமல் போனால், அது கிளியரில் மட்டும் இருக்கிறது, மெருகேற்றியே போக்கிவிடலாம். உப்புத்தாளின் எண் கூடக் கூட அது நைசாகும். நான் எண் 2000 உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, ரப்பர் கட்டையில் சுற்றி லேசாகத் தேய்த்தேன். பிறகு எண் 3000, பிறகு தேய்ப்புப் பசையான காம்பவுண்ட், கடைசியில் பாலிஷ். முக்கால் மணி நேரத்தில் அந்த ஒரு சாண் முடிந்தது. அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது.

மீதிக்கு நிறம் வேண்டும். இன்ஜின் மூடியைத் திறந்தால், பின்னால் உள்ள தடுப்பில் ஓர் உலோகத் தகடு இருக்கிறது. அதில் நிறத்தின் குறியீடு அச்சாகியிருக்கும். சில கார்களில் அது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் இருக்கும். என் காரின் குறியீடு எஸ்28. காரைத் தயாரித்த பெரோடுவா நிறுவனம் அதற்கு வைத்திருக்கும் பெயரின் பொருள் மினுங்கும் வெள்ளி. அந்தக் குறியீட்டைச் சொல்லி உதிரிபாகக் கடையில் ஒரு ஸ்பிரே டின் வாங்கினேன். குறியீடு ஒன்று, நிறம் ஒன்று, வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் பிரைமர் தெரிந்த இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பால் சதுரம் கட்டி, உள்ளே நிறத்தை அடித்து, மேலே கிளியரும் அடித்தேன். உச்சி வெயிலில் எதிரே நின்று பார்த்தபோது நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தது. பெருமையோடு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வாசற்படியிலேயே நின்று, பக்கவாட்டிலிருந்து பார்த்துவிட்டு, "என்னங்க, பிளாஸ்திரி ஒட்டினது மாதிரி இருக்கிறதே" என்றாள். நானும் அவள் நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கறுத்த ஒரு சதுரம், நான்கு ஓரமும் கத்தியால் வெட்டினதுபோல் தெரிந்தது. எதிரே போனால் மறைந்தது. பக்கவாட்டில் வந்தால் பல்லைக் காட்டியது.

இரண்டு தெரு தள்ளி ஓர் அண்ணன் இருக்கிறார். முப்பது ஆண்டுகள் பட்டறைகளில் பெயிண்ட் அடித்தவர். இப்போது மூச்சிரைப்பு, அதனால் வேலையை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை கோப்பிக் கடையில் அவரைப் பிடித்து, காரைக் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வெள்ளி நிறத்தையா முதல் வேலையாக எடுத்தீர்கள் தம்பி? வெள்ளையில் பழகியிருக்கலாமே."

"கார் வெள்ளியாக இருக்கிறதே அண்ணே."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார். பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

வெள்ளி நிறத்தில் வெள்ளி கிடையாது. மிகச் சிறிய அலுமினியச் செதில்கள் பெயிண்டில் மிதக்கின்றன. அவை எப்படிப் படுக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் நிறம். டப்பாவைத் தூரமாகப் பிடித்து, உலர்ந்த தூறலாக அடித்தால் செதில்கள் மேற்பரப்பிலேயே தட்டையாகத் தங்கிவிடும், வெளிறித் தெரியும். கிட்டே பிடித்து ஈரம் சொட்ட அடித்தால் செதில்கள் உள்ளே அமிழ்ந்து கோணல்மாணலாக நிற்கும், கறுத்துத் தெரியும். அதே டப்பா, அதே கை, இரண்டு நிறம். நான் சதுரத்துக்குள் ஆசை தீர ஈரமாக அடித்திருந்தேன். தவிர, எஸ்28 என்பது 2013இல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளின் நிறம். அதன்பின் என் கார் தின்ற வெயில் குறியீட்டுத் தகட்டுக்குத் தெரியாது. என் வீட்டு முகப்பு மேற்கு பார்த்தது. காரைத் தினமும் ஒரே மாதிரி நிறுத்துவதால் வலப்பக்கம் மாலை வெயிலில் காய்கிறது, இடப்பக்கம் சுவர் நிழலில் இருக்கிறது. ஒரே காரிலேயே இரண்டு எஸ்28.

அவர் சொன்னதில் என் தலையில் ஆணி அடித்ததுபோல் இறங்கியது வேறொன்று. பட்டறைக்காரர்களும் நிறத்தை முழுவதும் பொருத்துவதில்லையாம். பத்துக்கு ஒன்பது பொருத்திவிட்டு, மிச்சம் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கரைத்துவிடுகிறார்களாம். புது நிறமும் பழைய நிறமும் ஒரு கோட்டில் சந்தித்தால், கொஞ்சம் வேறுபாடு இருந்தாலும் கண் பிடித்துவிடும். ஒரு முழ தூரத்தில் படிப்படியாகக் கரைந்தால் அதைவிட அதிக வேறுபாட்டையும் கண் மன்னித்துவிடும். நான் டேப் ஒட்டி நேர்க்கோடு போட்டுக் காட்டிக்கொடுத்திருந்தேன்.

ஆக, சதுரத்தைத் தேய்த்து எடுக்க ஒரு மாலை போயிற்று. அடுத்து, பெட்ரோல் மூடியின் வெளிக்கதவைக் கழற்றினேன். இதுவும் அண்ணன் சொன்ன யோசனை. காரில் சுலபமாகக் கழன்று கையோடு வரக்கூடிய, அசல் பெயிண்ட் உள்ள துண்டு அதுதான். அதைக் காம்பவுண்ட் போட்டு நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே எடுத்துப்போகச் சொன்னார். அழுக்கும் வெளிறலும் படிந்த மேற்பரப்பை வைத்து நிறம் பொருத்தினால், அழுக்குக்குத்தான் நிறம் கலப்பார்கள். காரில் கீறலைச் சுற்றிய இடத்தையும் அதேபோல் தேய்த்து வைத்தேன்.

ஜெலுத்தோங்கில் பெயிண்ட் கலந்து கொடுக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கைக்கருவியை மூடியின்மேல் வைத்தார். அது பல கோணங்களில் ஒளியைப் பாய்ச்சி நிறத்தை அளக்கிறது. திரையில் எஸ்28 என்ற ஒரே குறியீட்டுக்குக் கீழே பல கலவைகள் வரிசையாக வந்தன. சற்று மஞ்சள் சாய்ந்தது, சற்று நீலம் சாய்ந்தது, செதில் பெரியது, சிறியது. உலகத்துக்கே ஒரே எஸ்28 என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு அந்தத் திரையே போதும். அவர் நெருங்கிய ஒன்றைத் தேர்ந்து கலந்து, ஓர் அட்டையில் தீற்றிக் காயவைத்து, மூடியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே தெருவுக்கு வந்தார். கடைக்குள் எரியும் குழல்விளக்கில் பொருந்தும் நிறம் வெயிலில் பொருந்தாமல் போகலாம் என்று சைகையிலும் மலாயிலுமாகச் சொன்னார். திரும்ப உள்ளே போய் இரண்டு சொட்டுக் கறுப்பு சேர்த்தார். பிறகு அதை ஸ்பிரே டின்னில் அடைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே காரில் அடிக்கவில்லை. பட்ட பாடு போதும். மூன்று அட்டைகளில் அடித்தேன். ஒன்றில் தூரத்திலிருந்து உலர்வாக, ஒன்றில் நடுத்தரமாக, ஒன்றில் ஈரமாக. ஒவ்வொன்றின் மேலும் கிளியர் அடித்தேன், ஏனென்றால் கிளியர் ஏறாத நிறம் உண்மையான நிறம் அல்ல. காலை, உச்சி, மாலை என்று மூன்று வேளையும் அட்டைகளைக் காரின் வலப்பக்கத்தில் வைத்து, எதிரேயும் பக்கவாட்டிலும் பார்த்தேன். அம்மா ஜன்னலிலிருந்து, "காருக்கு ஜாதகம் பார்க்கிறாயா?" என்று கேட்டார். மாலை வெயில் தின்ற பக்கத்துக்கு, நடுத்தரத்துக்கும் உலர்வுக்கும் இடைப்பட்ட அடி பொருந்தியது.

ஜனவரி, பிப்ரவரி பினாங்கில் மழை குறைந்த மாதங்கள். அந்த வகையில் கீறியவர் நல்ல பருவம் பார்த்துத்தான் கீறியிருக்கிறார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பனி காய்ந்ததும் தொடங்கினேன். துருவை முழுவதும் சுரண்டி, எண் 800 தாளால் கீறலின் ஓரங்களைச் சரிவாக்கினேன். விரலால் தடவினால் படி தட்டக்கூடாது. சுற்றுப்புறத்தை, கிளியர் போய் முடியப்போகும் இடம்வரை, எண் 2000 தாளால் மங்கவைத்தேன். பளபளப்பின்மேல் பெயிண்ட் பிடிக்காது. ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தபின் வெறுங்கை படவே கூடாது. கையின் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் மீன்கண்போல் விலகி நிற்கும். இரும்பு தெரிந்த இடத்தில் இரும்புக்கான பிரைமர், அது காய்ந்ததும் மேலெல்லாம் சாதாரணப் பிரைமர், பிறகு எண் 1000 தாள்.

டேப்பை இந்த முறை நிறத்தின் ஓரத்தில் ஒட்டவே இல்லை. கண்ணாடி, சக்கரம், கைப்பிடி, விளக்கு ஆகியவற்றை மட்டும் மூடினேன். டின்னை இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கடந்து போய், மறுபக்கம் வெளியேதான் விரலை எடுத்தேன். முதல் பூச்சு பிரைமர்மேல் மட்டும். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது, அதைவிட நான்கு விரல் அகலமாக. மூன்றாவது இன்னும் அகலமாக, மணிக்கட்டை ஓரத்தில் லேசாகத் திருப்பி, தூறலாக மட்டும். நிறம் காய்ந்ததும் மங்கலாக, சுண்ணாம்பு பூசினதுபோல் இருந்தது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அது அப்படித்தான் இருக்கும். கிளியர் ஏறியதும் உயிர் வரும்.

கிளியரில் இரண்டு வகை. டின்னைத் திறந்ததும் அடிக்கக்கூடிய சாதாரண வகை ஒன்று. கடினமாக்கி கலந்த வகை மற்றொன்று. இரண்டாவதுதான் உறுதியானது, பெட்ரோல் சிந்தினாலும் கரையாது. ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவை உண்டாக்கும். "நாங்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தோம்" என்றார் அண்ணன். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நான் சாதாரண வகையை வாங்கினேன். அதற்கே வடிகட்டி வைத்த முகமூடி போட்டுக்கொண்டேன்.

கதவுக்கு முழுவதுமாகக் கிளியர் அடித்துவிடலாம், அதற்கு ஓரங்கள் உண்டு. ஃபெண்டர்தான் சிக்கல். அது மேலே தூண்வரை, கூரைவரை ஒரே தகடு, எங்கே நிறுத்துவது? பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் தூண் குறுகும் இடத்தில், ஓரத்தை நோக்கித் தூறலாக்கி முடித்தேன்.

முதல் இரண்டு பூச்சு அழகாக இறங்கியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தப் பத்தி இருக்காது. மதியச் சாப்பாடு, ஒரு தூக்கம், உறவினர் வருகை எல்லாம் முடிந்து, மூன்றாவது பூச்சை மாலை ஏழரைக்கு அடித்தேன். ஐந்து நிமிடத்தில் ஃபெண்டர் முழுவதும் பால் ஊற்றினதுபோல் வெளுத்துவிட்டது. பூச்சைக் கரைத்து வைத்திருக்கும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது அங்கே படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு விளக்கு வெளிச்சத்துக்கு வந்த ஈசல் ஒன்று கதவில் இறங்கி, ஆறு காலும் பதிய நடந்துவிட்டு, நடுவில் உட்கார்ந்துவிட்டது. இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு, தகடு கைக்குச் சூடாகத் தெரிந்தபோது, அதே கிளியரை மெல்லிய ஒரு பூச்சு அடித்தேன். பழைய பூச்சு சற்று இளகி, மாட்டியிருந்த ஈரம் வெளியேற, பால் நிறம் கண்முன்னே தெளிந்தது. கோயிலில் தீபாராதனை காட்டியதும் திரை விலகுவதுபோல் இருந்தது. ஈசலை மட்டும் அப்படியே விட்டேன்.

ஒரு வாரம் தொடவில்லை. பிறகு எண் 2000, 3000 தாள்களால் ஈரமாகத் தேய்த்து, ஈசலையும் அடக்கம் செய்து, மெருகேற்றினேன். கதவின் மடிப்புக் கோட்டில் மட்டும் டேப் ஒட்டிப் பாதுகாத்தேன். மடிப்பின் முனையில்தான் பூச்சு எப்போதும் மெல்லியது, இரண்டு தேய்ப்பில் நிறம் வரை போய்விடும். மெழுகு மட்டும் ஒரு மாதம் கழித்துத்தான்.

கணக்கு: வீணாய்ப்போன முதல் டின், கலந்து வாங்கிய நிறம், கிளியர் இரண்டு டின், பிரைமர் இரண்டு, தாள்கள், காம்பவுண்ட், பாலிஷ், டேப், முகமூடி எல்லாம் சேர்த்து 214 ரிங்கிட். மூன்று வார இறுதிகள். பட்டறையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 490 ரிங்கிட் மிச்சம் என்று மனைவியிடம் சொன்னேன். மூன்று வார இறுதிகளுக்கு யார் கூலி கொடுப்பது என்று அவள் கேட்டாள்.

குறை இல்லாமல் இல்லை. வெயிலில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் எனக்கே இடம் தெரியவில்லை. ஆனால் கொம்தார் வணிக வளாகத்தின் நிறுத்துமிடத்தில் காரை நிறுத்தி, குழல்விளக்கில் தரைமட்டத்துக்குக் குனிந்து பார்த்தால், சக்கர வளைவுக்கு மேலே ஒரு மேகம்போல் மெல்லிய நிழல் தெரிகிறது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என்னைக் காவலாளி வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

அண்ணனை வீட்டுக்கு அழைத்துக் காட்டினேன். வலப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார். காரைச் சுற்றி இடப்பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பன்னிரண்டு ஆண்டு அழுக்கும் மங்கலும் படிந்த ஃபெண்டரின் நடுவே, நிறம் பார்ப்பதற்காக நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பெட்ரோல் மூடி மட்டும் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்தது.

"இதை எப்போது அடித்தீர்கள் தம்பி? நிறம் பொருந்தவே இல்லையே" என்றார்.